நான் வாங்கிய சத்தியம்

ஆடிக் கிருத்திகை டூட்டி லிஸ்ட் இந்த வருடமும் எங்கள் வாட்ஸப் குழுவில் வந்தது. ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு அதில் வேலை இல்லை. ஆனாலும் கண்ணாடியைத் தேடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். அடிவாரத்தில் ஒரு முகாம், உச்சியில் ஒரு முகாம், இரண்டுக்கும் நடுவே ஓட ஒரு ஆம்புலன்ஸ். படி மண்டபம் என்ற பெயரே அதில் இல்லை. மலைக்குப் பின்பக்கமாகச் சாலை போட்டுவிட்டார்கள், வண்டி கோயில் வாசல் வரைக்கும் போகிறது, அப்புறம் பாதிப் படியில் முகாம் எதற்கு? நியாயம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "படி மண்டபத்துக்கு யாரும்மா?" என்று குழுவில் கேட்டேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "அது எங்க சிஸ்டர் இருக்கு?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எதையும் நாலு வரியில் சொல்ல வந்ததில்லை.

நான் ஜெயசீலி. வீடு கிழக்குத் தாம்பரம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸ். எங்கள் நிலையத்தின் எல்லைக்குள் ஒரு முருகன் மலை இருந்தது. அதன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இதில் வருகிற மனிதர்களை அடுத்த பஸ்ஸிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதில் கெட்டிக்காரர்கள். அதனால் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், என் பெயரைத் தவிர. தப்பு செய்தவள் பெயராவது சரியாக இருக்கட்டும்.

நர்ஸிங் படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் தண்ணிச் சாம்பார், வார்டில் திட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில், அதாவது எங்கள் சர்ச். படித்து முடித்து, கல்யாணமாகி, தாம்பரத்துக்கு வந்த இரண்டாவது வருடமே மலை டூட்டி போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். "உனக்கு முருகன் கோயில் டூட்டியா? அரோகரா!" என்று இரண்டு நாள் வீட்டில் கேலி செய்தார். மூன்றாவது நாள் விடியற்காலையில் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டவரும் அவர்தான்.

மலை என்று நாங்கள் சொன்னாலும் குன்றுதான். இருநூறு சொச்சம் படி. பாதி வழியில் நாலு கல்தூண் வைத்த ஒரு மண்டபம். அதில் ஒரு பெஞ்சு, ஒரு தகர டிரங்குப் பெட்டி, ஒரு தண்ணீர்க் குடம், நாங்கள் இரண்டு பேர். அதுதான் படி மண்டப முகாம். செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். யூனிபார்ம் சேலையும் வெறுங்காலுமாக நான் வேலை பார்த்தது வாழ்க்கையில் அங்கே மட்டும்தான். எதிர்த் தூணடியில் கோதண்டம் என்று ஒருவர் மோர்ப் பந்தல் போடுவார். எங்கள் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருநாள் மட்டும் கடையைப் பூட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நாள் பூராவும் மோர் ஊற்றுவார். வாய் மட்டும் ஓயாது.

அன்றைக்குக் கூட்டம் சாமானியப்பட்டதாக இருக்காது. பெரும்பாக்கத்திலிருந்து வேன் வைத்து வருவார்கள், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து கால்நடையாகவே வருவார்கள். மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, தோளில் பூக்காவடி, அதன் இரண்டு முனையிலும் பால் சொம்பு, முன்னால் பம்பை. சில பெண்கள் படி பூஜை வேண்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றி, அப்புறம்தான் அடுத்த படி. முன்னே போகிறவளுக்குப் புண்ணியம், பின்னே வருகிறவளுக்குக் கொப்புளம். காலை ஒன்பது மணிக்குள் எங்கள் பர்னால் டியூப் பாதி காலியாகிவிடும். பிறகு மொட்டையடித்த தலைகள் வரும். மேலே சந்தனம், அடியில் கத்திக் கீறல். சந்தனத்தைத் துடைக்காமல் மருந்து போடச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் சரோஜா மேடம். எங்கள் சூப்பர்வைசர். ஒல்லியான அம்மா, கஞ்சி போட்ட சேலை, இழுத்துச் சொருகிய கொண்டை. "சீக்கிரம்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. விடிவதற்கு முன்பே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சாமானையும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் அதில் டிக் போட வேண்டும். கண்ணால் பார்த்து டிக் போட்டால், தலையை நிமிர்த்தாமலே, "தொட்டியா?" என்பார்.

இன்னொன்று, ஊசி மருந்து. எந்த மருந்தானாலும் ஆம்பியூலை, அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை, கழுத்தை உடைப்பதற்கு முன் கையில் எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். பெயர், அளவு, காலாவதி மாதம். பக்கத்தில் இருப்பவர் தானும் அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அரம் போட்டுக் கழுத்தை உடைக்கலாம். டி.டி. ஊசிக்கும் இதேதான், மருந்து கலக்குகிற வெறும் தண்ணீருக்கும் இதேதான். "படிம்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "மேடம், இது தண்ணிதானே?" என்றேன். "தண்ணின்னு அதுல எழுதியிருக்கான்னு படி" என்றார். நான் மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

என் முதல் வருடக் கூத்து ஒன்றைச் சொல்லாமல் போனால் கோதண்டம் என்னை மன்னிக்க மாட்டார். காலில் கல் கிழித்து ஒருவர் வந்தார். வாயைச் சுற்றி மஞ்சள் துணி. ரிஜிஸ்தரில் எழுத வேண்டுமே என்று பெயர் கேட்டேன். பதில் இல்லை. ஊர் கேட்டேன். தலையை ஆட்டினார். எனக்கோ வெயில், பசி. "ஏன்யா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்திவிட்டேன். எதிர்ப் பந்தலில் கோதண்டம் சிரித்த சிரிப்பில் மோர் பானையே ஆடியது. "வாய்ப்பூட்டு சிஸ்டர்! மேல போயி பால் ஊத்தற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாரு. பேச்சும் கெடையாது, பச்சத் தண்ணியும் கெடையாது." சரோஜா மேடம் ரிஜிஸ்தரைத் தன் பக்கம் இழுத்து, பெயர் என்ற இடத்தில் "வாய்ப்பூட்டு விரதம்" என்று எழுதி, "கட்டு போடும்மா" என்றார். அன்றிலிருந்து மஞ்சள் துணி கட்டியவர்களிடம் நான் கேள்வி கேட்பதில்லை.

இனி ஏகாம்பரம். நான் மலை டூட்டிக்குப் போக ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் வருகிற சர்க்கரை நோயாளி. ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்கிற ஆள். லேத்தில் நிற்கிறவருக்கு அரை நூல் பிசகக் கூடாது அல்லவா, அந்தக் குணம் வீட்டிலும் இருந்தது. முந்தின வருடம் காவடிக்கு விரதம் பிடித்தபோது, மாத்திரையும் தீட்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் நிறுத்திவிட்டார். படியில் கற்பூரத்தை மிதித்த கொப்புளம் புண்ணாகி, கால் விரலையே எடுக்கிற அளவுக்குப் போய்விட்டது. மூன்று மாதம் அந்தப் புண்ணுக்கு நான்தான் கட்டுப் போட்டேன். விரல் தப்பியது பெரிய விஷயம்.

அடுத்த ஆடிக்குப் பத்து நாள் இருக்கும்போது மாத்திரை வாங்க வந்தார். கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது.

"என்ன ஏகாம்பரம், இந்த வருஷமும் காவடியா?"

"ஆமா சிஸ்டரம்மா. பொண்ணு ஏழு மாசமா கீது. மூணு தபா தங்கல, உங்களுக்கே தெரியும். இந்த தபா கொயந்த நல்லபடியா வரணும்னு வாய்ப்பூட்டு வேண்டிக்கினு கீறேன்."

தெரியும். அந்தப் பெண்ணின் கர்ப்ப அட்டையை எழுதுகிறவளே நான்தான். மூன்று முறை அவள் அழுததையும் பார்த்திருக்கிறேன்.

"சரி. மாத்திரை?"

அவர் தரையைப் பார்த்தார். "வெரதம் சிஸ்டரம்மா..."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்கள் என்பதைக்கூட மறந்தேன். "போன வருஷம் விரல் தப்பிச்சதே பெருசு. இந்த வருஷம் காலையே எடுத்துடுவாங்க. பேரப்புள்ளையை ஒத்தைக் காலால தூக்கிட்டு நடப்பீங்களா? சத்தியம் பண்ணுங்க. உங்க முருகன் மேல சத்தியம் பண்ணுங்க, என்ன ஆனாலும் ஒரு வேளை மாத்திரைகூட விட மாட்டேன்னு!"

அவர் கண்ணை மூடினார். கழுத்து ருத்திராட்சத்தைப் பிடித்துக்கொண்டார். "முருகன் மேல சத்தியமா, இன்னா ஆனாலும் ஒரு வேள மாத்திரகூட வுட மாட்டேன்" என்றார்.

எனக்குப் பரம திருப்தி. சத்தியமே பண்ணக் கூடாது என்று வளர்க்கப்பட்ட வீட்டுப் பெண் நான். அடுத்தவர் சாமி மேல் சத்தியம் வாங்க எனக்கு என்ன உரிமை என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். சாப்பிடாத நாளில் அந்த மாத்திரையைப் போடக் கூடாது. சாப்பாடு இல்லாத உடம்பில் அது சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். முதல் வருட மாணவிக்குத் தெரிந்த பாடம். கோபத்தில் அதைச் சொல்ல மறந்தேன்.

ஆடிக் கிருத்திகை அன்று பதினொரு மணி இருக்கும். வெயில் கல்லைச் சுட்டுக்கொண்டிருந்தது. கீழே பம்பைச் சத்தம் திடீரென்று வேகமெடுத்தது. ஏகாம்பரம் காவடியோடு ஏறி வந்தார், வாயில் மஞ்சள் துணி. பக்கத்தில் அவர் மனைவி மல்லிகா. ஏகாம்பரத்தின் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது, கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. கூட்டம் "அரோகரா, அரோகரா" என்று அலறியது. பம்பைக்காரர் அவர் முகத்துக்கு நேரே வந்து இன்னும் வேகமாக அடித்தார். இரண்டு பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள்.

சாமி வந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். இத்தனை வருடம் பார்த்த காட்சிதானே. நல்ல வேளை மாத்திரை போடுகிறார், கால் புண் இந்த வருடம் இல்லை என்று எண்ணி, சிரித்துக்கொண்டேகூட நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும்.

அவர் மண்டபத்துக்கு நேராக வந்தபோது நெற்றியைப் பார்த்தேன். பட்டை பட்டையாகப் பூசிய விபூதி குழம்பாகிக் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை, கண்ணைச் சிமிட்டவும் இல்லை. இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"இன்னா சிஸ்டர், சாமி வந்துகினு கீது, நீங்க போயி கையப் புடிக்கிறீங்க?" என்று கோதண்டம் பந்தலிலிருந்து கத்தினார்.

அந்த வெயிலில் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. சாமி வந்தவர்கள் உடம்பு கொதிக்கும். எத்தனையோ பேரைத் தொட்டிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

"மல்லிகா, காலையில என்ன சாப்பிட்டாரு?"

"வெரதமாச்சே, நேத்து ராத்திரியே ஒண்ணும் துண்ல. விடிகாலைல மாத்திரய மட்டும் போட்டுக்கினு பூட்டு கட்டிக்கினாரு. சிஸ்டரம்மாக்கு சத்தியம் பண்ணிக் குட்த்துட்டேன்னு ரெண்டு மாத்திர, ஒரு முழுங்கு தண்ணி."

இது சாமி இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே நேரத்தில் ஏகாம்பரத்தின் முழங்கால் மடங்கியது. காவடி சாய்ந்தது. காவடியைத் தரையில் வைக்கக் கூடாது, வைத்தால் வேண்டுதல் போச்சு. மல்லிகா குனிந்து, அது மண்ணைத் தொடுவதற்குள் தன் தோளைக் கொடுத்துவிட்டார். பால் ஒரு சொட்டுத்தான் சிந்தியது. ஏகாம்பரத்தைக் கோதண்டமும் நானும் தாங்கிப் பிடித்து மண்டபத்துத் தரையில் கிடத்தினோம்.

நான் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வாய்த் துணியில் கை வைத்தேன். மயக்கத்திலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார். காவடியைச் சுமந்து நின்ற மல்லிகா அலறினார். "வேணாம் சிஸ்டரம்மா! வாயில ஒண்ணும் போடாதீங்க! பால் ஊத்தாம வாயத் தொறந்தா எம் பொண்ணு வயித்துல கீறதுக்கு இன்னா ஆவும்?"

"இவரு உயிரு போச்சுன்னா?" என்று நானும் கத்தினேன்.

"ஜெயசீலி." சரோஜா மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. "நினைவு தப்பினவருக்கு வாயில எதுவும் போடக் கூடாது. மூச்சுக்குழாய்க்குப் போயிடும். பெட்டியைத் திற."

மல்லிகாவைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, மூச்சு விடறதுக்காகத் துணியை மட்டும் அவிழ்க்கறேன். வாய்க்குள்ள ஒண்ணும் போகாது. என் பொறுப்பு." மல்லிகா தலையை அசைத்தார். மேடம் ஏகாம்பரத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியை அவிழ்த்து, மடித்து அவர் மார்பிலேயே வைத்தார்.

பெட்டியில் குளுக்கோஸ் ஆம்பியூல் நாலு இருந்தது. என் விரல்கள் நடுங்கின. ஒன்றை எடுத்து அரத்தை வைத்தேன்.

"படிம்மா."

"மேடம், நான்தான் மேடம் மாத்திரை போடச் சொன்னேன். நான்தான் சத்தியம் வாங்கி..."

"அதை அப்புறம் பேசலாம். படிம்மா."

படித்தேன். "டெக்ஸ்ட்ரோஸ், இருபத்தஞ்சு பெர்சென்ட்..." காலாவதி மாதத்தைப் படிக்கும்போது குரல் உடைந்தது. அவர் குனிந்து பார்த்து, நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொன்னார். ஆச்சரியம், என் கை நடுக்கம் நின்றிருந்தது. வியர்வையில் நரம்பே தெரியவில்லை, பிளாஸ்திரி ஒட்டவில்லை. முதல் குத்து தவறியது. இரண்டாவதில் ரத்தம் வந்தது. மெதுவாக ஏற்றினேன். இரண்டாவது ஆம்பியூல். மறுபடி "படிம்மா". மறுபடி படித்தேன். அசைவில்லை. பம்பைக்காரர் பம்பையை இறக்கிவிட்டார். மூன்றாவது ஆம்பியூல் பாதி போயிருக்கும், ஏகாம்பரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கை நேராக வாய்க்குப் போய்த் துணியைத் தேடியது.

"ஒண்ணும் உள்ள போகலை. கையில ஊசி வழியாத்தான் போச்சு" என்றார் மேடம்.

வாய் வழியாகக் கொடுக்காமல் ஊசி போட்டது மருத்துவ முறை. அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் அந்த நேரத்தில் மருத்துவத்தை மட்டுமா நினைத்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஏகாம்பரம் எழுந்து ஏறப் பார்த்தார். மேடம் ஒரு விரலால் தோளை அழுத்தினார். அந்த மாத்திரையின் வேகம் நாள் பூராவும் இருக்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கும், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஸ்ட்ரெச்சருக்குச் சொல்லி அனுப்பினோம். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அது மேலே வர அரை மணியாவது ஆகும். மேடம் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைப் பொருத்தி, அதைக் கோதண்டத்தின் கையில் கொடுத்து உயரத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு மல்லிகாவிடம் திரும்பினார்.

"நீங்க விரதம்தானே? காவடியை நீங்க மேல கொண்டு போங்க. ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் டிரிப்பில தாங்கும். அதுக்கு முன்னாடி இவரு கண்ணு சொருகினா ஆம்பியூல் இருக்கு. ஆனா ஸ்ட்ரெச்சர் வந்துட்டா நான் காத்திருக்க மாட்டேன்."

மல்லிகா ஏறினார். கூட்டம் விலகி வழி விட்டது. அப்படி ஒரு வழி விட்டதை நான் அந்த மலையில் வேறெப்போதும் பார்த்ததில்லை. கோதண்டம் ஒரு கையில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "எப்பா, அந்தம்மா பால் ஊத்தனதும் சொல்லுங்கப்பா! வாய் வாயா சொல்லி அனுப்புங்க!"

நான் ஏகாம்பரத்தின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் ஆண்டவரையும் கூப்பிட்டேன், அவருடைய ஆண்டவரையும் கூப்பிட்டேன். வெட்கமாகவெல்லாம் இல்லை. கீழே வளைவில் ஸ்ட்ரெச்சரின் பச்சைத் துணி தெரிந்தது. அப்போது மேலே எங்கோ ஒரு பெண் குரல், அதற்குக் கீழே ஒரு ஆண் குரல், அதற்குக் கீழே நாலைந்து குரல்கள், படிப்படியாக இறங்கி வந்தன. "ஊத்தியாச்சு! ஊத்தியாச்சு!"

சரோஜா மேடம் முதலில் ஒரு கரண்டி வெறும் தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர். ஏகாம்பரம் குடித்துவிட்டு விக்கி விக்கி அழுதார். நானும் அழுதேன்.

அந்தக் குழந்தை ஐப்பசியில் பிறந்தது. பெண். இப்போது காலேஜ் படிக்கிறாள். காவடிப் பாலா, இரும்புச் சத்து மாத்திரையா என்று என்னிடம் கேட்காதீர்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தது நான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கூட்டம் ஓய்ந்த பிறகு மேடம் ரிஜிஸ்தரைத் திறந்தார். "காரணம்" என்ற பத்தி காலியாக இருந்தது. "என் பேரை எழுதுங்க மேடம்" என்றேன். பேனாவை என்னிடம் நீட்டினார். "நீயே எழுது." எழுதினேன். செவிலியர் ஜெயசீலியின் அறிவுரைப்படி மாத்திரை உட்கொண்டார், உணவு பற்றி அறிவுரை தரப்படவில்லை. மேடம் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார். டாக்டரிடம் திட்டு வாங்கினேன். வாங்க வேண்டியதுதான். அடுத்த வருடத்திலிருந்து ஆடி பிறந்தாலே விரதக்காரர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவது எங்கள் நிலையத்தில் வழக்கமானது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்த ஏகாம்பரத்திடம், சாப்பிடாத நாளில் மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "முடியாது சார். இன்னா ஆனாலும் வுட மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கீறேன்." சரி, விரதத்தையாவது விடுங்கள் என்றால், மாதாமாதம் கிருத்திகை விரதம் அவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிறதாம். மாதாமாதம் இன்னொரு முறை அந்த மண்டபத்துத் தரையா?

"ஏகாம்பரம், தப்பு என் மேல. நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னேன். என்னை மன்னிச்சுடுங்க. அந்தச் சத்தியத்தை நான் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றேன்.

"ஐயோ, நீங்க எதுக்கு மன்னிப்பு..." என்று பதறினார். ஆனால் உடனே அந்த லேத்காரர் குணம் வந்துவிட்டது. "இங்க சொன்னா எப்டி சிஸ்டரம்மா? அவர் மேல பண்ண சத்தியம். அவர் எதிர்ல நீங்க சொல்லணும்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "வாங்கினவதானே திருப்பணும்? போயிட்டு வா. செருப்பைக் கீழயே கழட்டிடு" என்றார்.

ஒருநாள் ஏகாம்பரத்தோடும் மல்லிகாவோடும் மலை ஏறினேன். சாதாரண நாளில் அந்த மலையை அன்றுதான் பார்த்தேன். ஆள் அரவம் இல்லை. படிகளில் கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டங்கள் மட்டும் இருந்தன. இத்தனை வருடத்தில் மண்டபத்துக்கு மேலே நான் ஒரு படிகூட ஏறியதில்லை. வேலை இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பயமும் இருந்தது என்று இப்போது சொல்லலாம்.

சன்னதியில் குருக்கள், "அர்ச்சனையா?" என்றார்.

"இல்ல சாமி. ஒரு சத்தியத்தத் திருப்பி வாங்கிக்க வந்துகீறாங்க" என்றார் ஏகாம்பரம்.

குருக்கள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படி ஒரு டிக்கெட் இல்லையே" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, திரையை ஒதுக்கிவிட்டு ஓரமாக நின்றார்.

உள்ளே விளக்கு வெளிச்சத்தில் வேல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் கையைக் கூப்புவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. "நான் ஜெயசீலி. உங்க மேல இவர்கிட்ட ஒரு சத்தியம் வாங்கினேன். தப்பா வாங்கிட்டேன். இவரு அதைக் காப்பாத்தினாரு, நான்தான் இவரைக் காப்பாத்தத் தெரியாம இருந்தேன். இப்ப அதைத் திருப்பி எடுத்துக்கறேன். இனிமே சாப்பிட்டாத்தான் மாத்திரை." இவ்வளவுதான் சொன்னேன்.

ஏகாம்பரம் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். வெளியே வந்ததும் மேல்படியில் உட்கார்ந்தார். மல்லிகா தூக்கைத் திறந்து இட்லியை நீட்டினார். அவர் நிதானமாக மூன்று இட்லி சாப்பிட்டு, கை கழுவி, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"மொதல்ல இட்லி, அப்பால மாத்திர. சரிதானே சிஸ்டரம்மா?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழுங்கியதை நான் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, முகத்தை என் பக்கம் நிமிர்த்தி, பல் வைத்தியரிடம் காட்டுவது போல வாயை அகலமாகத் திறந்து காட்டினார்.